வாக்கியம் எங்கே முடியுது? கம்ப்யூட்டர் தேடும் புள்ளியைத் தமிழுக்குப் பழக்கிய ஆறுமுக நாவலர்

செங்கல்பட்டு மாவட்டம் புதுப்பட்டினம். ஒரு பக்கம் கல்பாக்கம், இன்னொரு பக்கம் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, எதிரே கடல். அங்குள்ள மீனவர் ஒருவரின் போனுக்கு இப்படி ஒரு மெசேஜ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

காற்று பலமாக இருக்கும் மாலையில் கடலுக்குப் போகலாம்

இதற்கு என்ன அர்த்தம்? காற்று பலமாக வீசுகிற மாலை நேரத்திலே கடலுக்குப் போகலாம் என்றா? இல்லை, இப்போது காற்று பலமாக இருக்கும், அதனால் பொறுத்திருந்து மாலையில் போகலாம் என்றா? இரண்டும் நேர் எதிர். ‘இருக்கும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்திருந்தால் குழப்பமே இல்லை. அது இல்லாததால், ‘இருக்கும்’ என்பது வாக்கியத்தை முடிக்கிற சொல்லா, அடுத்து வரும் ‘மாலை’யோடு ஒட்டிக்கொள்கிற சொல்லா என்று யாருக்கும் தெரியாது.

மனிதருக்கே இப்படி என்றால் கம்ப்யூட்டருக்கு? கூகுள் மொழிபெயர்ப்போ, செய்தியைச் சத்தமாக வாசிக்கும் ஆப்போ, சாட்பாட்டோ, தமிழ் டெக்ஸ்ட்டைக் கையில் எடுத்ததும் பல கருவிகள் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று வாக்கியம் வாக்கியமாகப் பிரிப்பதுதான். அங்கே தப்பு நடந்தால் அதற்குப் பிறகு நடக்கும் எல்லாமே தப்பாகப் போகும். அந்த வேலைக்கு மென்பொருள் முதலில் தேடுவது முற்றுப்புள்ளியைத்தான்.

ஆனால், இந்தப் புள்ளி தமிழில் எப்போதும் இருந்தது அல்ல. அதைத் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கியதில் பெரிய பங்கு, 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவருடையது. அவர் ஆறுமுக நாவலர்.

அதற்கு முன்னாடி எப்படி எழுதினார்கள்?

புதுப்பட்டினத்தில் இருந்து ஈ.சி.ஆர். வழியாக வடக்கே போனால் மாமல்லபுரம். அங்கே கடற்கரைக் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பொதுவாகவே பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. கமா, முற்றுப்புள்ளி எதுவும் கிடையாது. கல் எங்கே முடிகிறதோ அங்கே வரி முடியும், அவ்வளவுதான்.

ஓலைச்சுவடியிலும் இதே கதை. சொல்லப்போனால் தமிழுக்குப் புள்ளி என்பதே புதுசு இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதால் அந்தப் புள்ளியைக்கூடப் பலர் வைக்காமல் விட்டார்கள். எழுத்துக்கே புள்ளி இல்லை எனும்போது வாக்கியத்துக்கு எங்கே வைப்பது?

அப்போ எப்படிப் படித்தார்கள்? ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல் எதோடு சேரும் என்று வாய்வழியாகச் சொல்லிக்கொடுப்பார். செய்யுளுக்குச் சீரும் அடியும் துணைக்கு இருந்தன. உரையாசிரியர்கள் ‘என்க’, ‘என்றவாறு’ போன்ற சொற்களைப் போட்டு முடிவைக் காட்டினார்கள். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வருவதும் ஒரு கை கொடுத்தது.

சுருக்கமாகச் சொன்னால், வாக்கியம் எங்கே முடிகிறது என்ற தகவல் ஓலையில் இல்லை. அது ஆசிரியரின் தலைக்குள் இருந்தது. ஆசிரியர் கிடைக்காதவருக்கு நூல் கையில் இருந்தும் பயனில்லை.

யார் இந்த ஆறுமுக நாவலர்?

1822 டிசம்பர் 18-ம் தேதி யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுகம். அப்பா கந்தப்பிள்ளை, அம்மா சிவகாமி. தமிழ் படித்த சைவக் குடும்பம். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அவர் பாதியில் விட்டுச்சென்ற நாடகம் ஒன்றை ஒன்பது வயது ஆறுமுகம் எழுதி முடித்ததாக அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் என்று அந்தக் காலத்தின் பெரிய புலவர்களிடம் தமிழ் படித்தார். அதாவது, பழைய முறைப் படிப்பு. ஆசிரியர் சொல்ல, மாணவர் கேட்டு மனப்பாடம் செய்கிற முறை.

அடுத்து அவர் போன இடம்தான் கதையின் திருப்பம். யாழ்ப்பாணத்தில் இருந்த வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்தார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் முன்னோடி அது. படித்து முடித்ததும் அங்கேயே ஆசிரியர் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 20-கூட நிறையவில்லை.

பைபிள் மொழிபெயர்ப்பில் கிடைத்த பயிற்சி

அந்தப் பள்ளியை நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியார், பைபிளைத் தமிழில் புதிதாக மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தார். தமிழில் அவருக்குத் துணையாக நின்றவர் ஆறுமுகம். அந்த வேலைக்காகப் பெர்சிவலுடன் சென்னைக்கும் போய் வந்தார்.

இது விநோதமான காட்சிதான். வீட்டில் தீவிர சைவர். வேலை செய்வது கிறிஸ்தவ வேதத்துக்கு. ஆனால் இந்த ஆண்டுகளில் அவர் கையில் பழகியது அச்சுக்குப் போகும் உரைநடை. செய்யுள் அல்ல, உரையும் அல்ல. ஆசிரியர் பக்கத்தில் இல்லாத ஒருவர் தானாக எடுத்துப் படிக்க வேண்டிய எழுத்து. ஒரு வாக்கியத்தை வேறொரு மொழியில் இருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும்.

அச்சும் பள்ளியும் மிஷன்களின் கையில் எவ்வளவு பெரிய பலமாக இருக்கிறது என்பதையும் அங்கேதான் அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

வேலையை விட்டார், பிரஸ் வாங்கினார்

1847-ன் கடைசி நாளில் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். வாரம்தோறும் அது தொடர்ந்தது. பாதிரியார்கள் கையாண்ட பிரசங்க முறையை அவர்களுக்கு எதிராகவே திருப்பினார். 1848-ல் மிஷன் பள்ளி வேலையை விட்டுவிட்டார். அதே ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை என்ற பள்ளியைத் தொடங்கினார். வயது 25. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடைசி வரை.

பள்ளி இருக்கிறது, பாடப்புத்தகம் இல்லை. அதனால் 1849-ல் அச்சு இயந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவரது பேச்சைக் கேட்டு அளித்த பட்டம்தான் ‘நாவலர்’. இயற்பெயரைவிட அந்தப் பட்டமே நிலைத்துவிட்டது.

இயந்திரத்தோடு ஊர் திரும்பி, வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற பெயரில் அச்சகம் வைத்தார். பிற்காலத்தில் சென்னை தங்கசாலையிலும் அச்சகம் நடத்தினார். சிறுவர்களுக்குப் படிப்படியாகக் கடினம் கூடும் பாலபாடங்கள், இலக்கணத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் நூல், நன்னூல் உரை, திருக்குறள் பரிமேலழகர் உரை, திருக்கோவையார் என்று பட்டியல் நீளும். சுவடிகளை ஒப்பிட்டு, பிழை திருத்தி, அச்சில் கொண்டுவந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சிட்டது 1887-ல். நாவலர் இறந்து எட்டு ஆண்டு கழித்து!

பெரியபுராணம் வசனமானது எப்படி?

நாவலர் வாக்கியத்துக்குச் செய்தது என்ன என்பதற்குச் சரியான உதாரணம் 1852-ல் வந்த பெரியபுராண வசனம்.

மூல நூலை எழுதியவர் குன்றத்தூர் சேக்கிழார். 12-ம் நூற்றாண்டு. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். பாட்டில் சொற்கள் ஒன்றோடு ஒன்று புணர்ந்து கிடக்கும். ஒரு பாட்டில் தொடங்கிய விஷயம் பல பாட்டு தாண்டி ஒரு வினைமுற்றில் போய் முடியலாம். சாதாரண வாசகர் எங்கே மூச்சு விடுவது?

நாவலர் அந்தக் கதைகளை உரைநடையாக எழுதினார். அப்போது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தார். ஒன்று, தேவையான இடங்களில் சந்தி பிரித்து, சொற்களைத் தனித்தனியாகத் தெரிய வைத்தார். இரண்டு, நிறுத்தக்குறிகளை ஒழுங்காகப் போட்டார். கொஞ்சம் நிறுத்த காற்புள்ளி. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்த அரைப்புள்ளி. விஷயம் முடிந்தால் முற்றுப்புள்ளி. கேட்டால் கேள்விக்குறி.

அவரது வாக்கியங்கள் இன்றைய அளவுக்கு ரொம்ப நீளம். ஆனால் குறிகளைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறாது. முன்பு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன தகவல், இப்போது தாளிலேயே அச்சாகிவிட்டது. தமிழ் உரைநடையின் தந்தை என்று அவரைப் பலர் அழைக்க இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் நாவலர்தான் முதல் ஆளா?

இங்கே கொஞ்சம் கவனம் தேவை. தமிழில் நிறுத்தக்குறிகளைக் கொண்டுவந்த முதல் ஆள் நாவலர் என்று பல இடங்களில் படித்திருக்கலாம். அது முழுக்கச் சரியில்லை. தமிழில் அச்சு நூல் 1578-லேயே வந்துவிட்டது. தரங்கம்பாடி மிஷன் 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது. ஐரோப்பிய நூல்களில் இருந்த குறிகள் மிஷன் அச்சு வழியாகத் தமிழுக்குள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தன.

நாவலர் செய்தது வேறு. மிஷன் புத்தகங்களோடு வந்த அந்தப் பழக்கத்தைச் சைவ நூலுக்கும் இலக்கண நூலுக்கும் பள்ளிப் பாடத்துக்கும் கொண்டுபோனார். வெளியில் இருந்து வந்த குறி என்று ஒதுக்கியிருக்கக்கூடிய வாசகர்கள், தங்கள் நாயன்மார் கதையிலேயே அதைப் பார்த்தார்கள். அதன் பிறகு அது அந்நியமாக இல்லை.

எல்லோருக்குமான புள்ளியா?

நாவலர் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவர் முன்வைத்த சைவம் சாதி வரிசையை ஏற்றுக்கொண்ட சைவம். அவர் உருவாக்கிய கல்விமுறை ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கதவைத் திறக்கவில்லை என்ற விமர்சனம் ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் தொடர்ந்து வைக்கப்படுகிறது. வள்ளலார் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்று அவர் தொடங்கிய மோதல், 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

அதே நாவலர்தான் 1870-களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித் தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்ற ஏற்பாடு செய்தார். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருந்தன.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பள்ளியில் யார் உட்காரலாம் என்று நிர்வாகம் முடிவு செய்யலாம். அச்சான புத்தகத்தை யார் படிக்கலாம் என்று யாராலும் கடைசி வரை காவல் காக்க முடியாது. சொல் பிரித்து, புள்ளி வைத்த புத்தகம் ஆசிரியர் இல்லாமலே படிக்கக்கூடியது. எழுத்துக்கூட்டத் தெரிந்த யார் கையில் கிடைத்தாலும் அது வழிகாட்டும். நாவலர் யாருக்காக எழுதினார் என்பதையும் தாண்டி அந்தப் பழக்கம் பரவியது.

1879-ல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கை சட்டசபைக்குப் போக நாவலர் ஆதரவு திரட்டினார். அதே ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி இறந்தார். 57-வது பிறந்தநாளுக்கு இன்னும் 13 நாட்கள் இருந்தன. 1971-ல் இலங்கை அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

சரி, இப்போ கம்ப்யூட்டருக்கு என்ன பிரச்சினை?

புள்ளிதான் வந்துவிட்டதே, அதைப் பார்த்து வெட்டினால் போதாதா? போதாது. இந்த வரிகளைப் பாருங்கள்:

மு.வ. எழுதிய நூலை ரூ.120.50 கொடுத்து வாங்கினார். அதைப் படித்துக்கொண்டே ஈ.சி.ஆர். வழியாக 15 கி.மீ. போனார்.

மொத்தம் 11 புள்ளிகள். வாக்கியம் முடிவது இரண்டே இடத்தில்தான். எல்லாப் புள்ளியிலும் வெட்டினால் 11 துண்டு. புள்ளிக்குப் பிறகு இடைவெளி வந்தால் மட்டும் வெட்டு என்று விதி போட்டாலும் 5 துண்டு. எப்படிப் பார்த்தாலும் மு.வ. தனி வாக்கியமாகிவிடுவார்!

ஆங்கிலத்தில் புள்ளிக்குப் பிறகு பெரிய எழுத்து வந்தால் அது புது வாக்கியமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று மென்பொருள் ஊகிக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமே இல்லை. அந்தத் தடயம் இங்கே கிடைக்காது. இனிஷியலும் சுருக்கப்பெயரும் தமிழ்நாட்டில் எவ்வளவு அதிகம் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்கு மூன்று வகையான தீர்வுகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, விதியும் பட்டியலும். ஸ்பேசி போன்ற லைப்ரரிகளில் குறியைப் பார்த்து மட்டும் வெட்டும் எளிய கருவி உண்டு. இந்திய மொழிகளுக்கான இண்டிக் என்.எல்.பி. லைப்ரரி ஒரு படி மேலே போய், எம், ஜி, ஆர் போன்ற ஆங்கில எழுத்துகளின் பெயர்களைப் பட்டியலாக வைத்திருக்கிறது. புள்ளிக்கு முன்னால் அப்படி ஒன்று வந்தால் அது சுருக்கம் என்று விட்டுவிடும்.

இரண்டாவது, டெக்ஸ்ட்டில் இருந்தே கற்பது. 2006-ல் கிஸ், ஸ்ட்ரங்க் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட பங்க்ட் என்ற முறை இப்படிப்பட்டது. நிறைய டெக்ஸ்ட்டைக் கொடுத்தால், எந்தச் சொல் எப்போதும் புள்ளியோடே வருகிறது என்று எண்ணிப் பார்த்து, சுருக்கங்களைத் தானே கண்டுபிடிக்கும்.

மூன்றாவது, மனிதர்கள் பிரித்துக் கொடுத்த வாக்கியங்களை வைத்து மாடலைப் பழக்குவது. ஸ்டான்போர்டின் ஸ்டான்சா லைப்ரரி தமிழுக்குப் பயன்படுத்துவது, செக் நாட்டின் பிராக் நகரில் உள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு தொகுப்பை. அதில் இருப்பது 600 வாக்கியங்கள். ஆங்கிலத்தில் இதே வகைத் தொகுப்புகளில் வாக்கியங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

மூன்று முறைகளிலும் பொதுவான ஒன்று உண்டு. எங்கோ ஒரு மனிதர் புள்ளி வைத்து எழுதியிருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மென்பொருள் கற்கிறது.

புள்ளியே இல்லாவிட்டால்?

இதுதான் இன்றைய நிஜமான சிக்கல். வாட்ஸ்அப் மெசேஜில் பலர் முற்றுப்புள்ளி வைப்பதில்லை. யூடியூபில் தானாக வரும் எழுத்துகளில் பல நேரம் குறிகளே இருக்காது. வாய்ஸ் டைப்பிங்கிலும் அப்படியே. ஒருவகையில் ஓலைச்சுவடிக் காலத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம்.

அங்கே மென்பொருள் வினைமுற்றைத் தேட வேண்டும். வந்தான், போனாள், செய்தார்கள் என்று வந்தால் பெரும்பாலும் முடிவு. ஆனால் இருக்கும், வரும், போகும் போன்ற சொற்கள் வாக்கியத்தை முடிக்கவும் செய்யும், அடுத்த சொல்லோடு ஒட்டவும் செய்யும். முதலில் பார்த்த புதுப்பட்டினம் மெசேஜில் நடந்தது இதுவே. அதில் எந்த அர்த்தம் சரி என்று இலக்கணத்தால் மட்டும் சொல்ல முடியாது. காற்று பலமாக இருந்தால் படகு இறக்க மாட்டார்கள் என்ற உலக அறிவும் வேண்டும். மீனவருக்கு அது உண்டு. மெசேஜை வேறு மொழிக்கு மாற்றுகிற ஆப்புக்கு அது இருக்கும் என்று நம்பி யாரும் கடலில் இறங்க முடியாது.

எனவே எச்சரிக்கை, மருந்துச் சீட்டு, அரசு அறிவிப்பு, பணப் பரிமாற்றம் போன்ற விஷயங்களை எழுதும்போது ஒரு புள்ளியை மறக்காமல் வைத்துவிடுவது நல்லது. எழுதுபவருக்கு அது ஒரு விசைத்தட்டு. வாசிப்பவர் மனிதரோ மெஷினோ, எங்கே நிறுத்துவது என்று அவர் ஊகிக்க வேண்டியதில்லை. பெரியபுராண வசனத்தை அச்சுக்குக் கொடுத்தபோது 30 வயதுகூட ஆகாத நல்லூர் வாத்தியார் அக்கறை எடுத்துச் செய்ததும் இதைத்தான்.